வாளுக்கும் உண்டு தாளம்

2021 ஜூலை 23 அன்று டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. கொரோனாவால் பார்வையாளர் இருக்கைகள் காலியாகக் கிடந்த மைதானத்துக்குள் முதல் அணியாக கிரேக்க வீரர்கள் கொடியேந்தி நுழைந்தார்கள். அவர்களை வரவேற்று ஒலித்தது 'டிராகன் குவெஸ்ட்' என்ற வீடியோ கேமின் தொடக்க இசை. அதைத் தொடர்ந்து, 'ஃபைனல் ஃபேண்டஸி' விளையாட்டில் எதிரியை வீழ்த்தியதும் கேட்கும் வெற்றி முழக்கம் வந்தது. அணிவகுப்பு முழுவதும் இப்படியே வீடியோ கேம் மெட்டுகளின் மேல்தான் நடந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடையில் ஜப்பான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தேர்ந்தெடுத்த இசையில் பெரும்பகுதி, வாளெடுத்துப் பூதங்களோடு மோதும் மாயக்கதை விளையாட்டுகளில் பிறந்தது. அந்த விளையாட்டுகளில் மணிக்கணக்காக நடப்பது சண்டைதான். ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு நாட்டின் நினைவிலிருந்து எழுந்து வந்தது இசை. சண்டை எங்கே போயிற்று? இசை மட்டும் எப்படித் தங்கிற்று? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால், இந்தக் கலை எப்படி இயங்குகிறது என்பதே விளங்கிவிடும்.

இவ்வகை விளையாட்டுகளை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி, என்பது ஒரு பாத்திரத்தை ஏற்று அதன் பயணத்தை நடத்திச் செல்லும் விளையாட்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு மூலம். அதற்குக் கணினி தேவைப்படவில்லை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காகிதமும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு, மந்திரவாதிகளாகவும் வாள்வீரர்களாகவும் கதையை வளர்த்தார்கள். உடல் வலு இத்தனை புள்ளி, எதிரியின் கவசம் இத்தனை புள்ளி, பகடையில் இந்த எண் விழுந்தால் அடி பலிக்கும் என்று சண்டைக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு அப்படியே கணினிக்கு இடம்பெயர்ந்தது. 1986 மே மாதம் ஜப்பானில் வெளிவந்த டிராகன் குவெஸ்ட், வீட்டுத் தொலைக்காட்சியில் பள்ளிப் பிள்ளைகளும் ஆடக்கூடிய அளவுக்கு அதை எளிமையாக்கியது. கதையமைப்பு யூஜி ஹொரி, உருவங்கள் 'டிராகன் பால்' படக்கதையின் ஓவியர் அகிரா தொரியாமா, இசை கொய்ச்சி சுகியாமா. அதன் சண்டையில் கைகால் வீச்சு எதையும் பார்க்க முடியாது. எதிரியின் படம் அசையாமல் நிற்கும். அடி, மந்திரம், பொருள், ஓட்டம் ஆகிய நான்கில் ஒரு கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை புள்ளி சேதம் என்று எழுத்தில் வரும். பிறகு எதிரியின் முறை. ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவனின் நெஞ்சு படபடத்தது என்றால், அதற்குக் காரணம் காதில் விழுந்துகொண்டிருந்த இசை.

விளையாட்டுகளை மதிப்பிடுகிறவர்கள் வழக்கமாக இந்த இரண்டையும் தனித்தனியே நிறுக்கிறார்கள். சண்டைக்கு இத்தனை மதிப்பெண், இசைக்கு இத்தனை மதிப்பெண் என்று பட்டியல் போடுகிறார்கள். சண்டை சோறு, இசை ஊறுகாய் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பது என் வாதம். இரண்டுமே காலத்தை அளந்து செய்யும் கலைகள். இரண்டுமே திரும்பத் திரும்ப நிகழ்வதால் உயிர்வாழ்பவை. என்ன செய்ய வேண்டும் என்பதைச் சண்டையின் விதிகள் சொல்கின்றன. செய்தது என்ன என்பதை இசை சொல்கிறது. முதலாவது கைக்குப் புரிகிறது, இரண்டாவது மனதுக்குப் புரிகிறது. ஒரு மாயக்கதை விளையாட்டு நல்ல கதையாகிறதா, வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுகிறதா என்பது இவை இரண்டும் சேரும் தையலில்தான் முடிவாகிறது.

ஒரே சில்லுக்குள் இரு குடித்தனம்

இவற்றின் உறவு தொடக்கத்தில் மிக நெருக்கமானது. ஒரே சில்லுக்குள் இடத்துக்குப் போட்டிபோடும் அளவுக்கு நெருக்கம். டிராகன் குவெஸ்ட் ஓடிய நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் ஒலிக்கு ஐந்தே தடங்கள். இரண்டு மெட்டுக்கு, ஒன்று கீழ்ச்சுருதிக்கு, ஒன்று இரைச்சலால் தாளம் தட்ட, மீதி ஒன்று சின்னச் சின்னப் பதிவொலிகளுக்கு. வாள் வீச்சுக்கும் மந்திரத்துக்கும் தனித் தடம் கிடையாது. அந்தக் காலத்துக் கேம்களில் அடி விழும் ஓசை கேட்க வேண்டுமானால், இசையின் ஒரு குரல் அந்த நொடியில் வாய்மூடி வழிவிட வேண்டும். அடி விழுந்து முடிந்ததும் அது மீண்டும் பாட்டில் வந்து சேர்ந்துகொள்ளும். வாள் வீசும்போதெல்லாம் பாட்டில் ஒரு சிறு பள்ளம் விழுந்து மறையும். இசையமைப்பவர் இதைக் கணக்கில் வைத்தே எழுத வேண்டும். எந்தக் குரல் எப்போது காணாமல் போனாலும் மெட்டு நிற்க வேண்டும். தொலைக்காட்சியிலும் மெல்லிசையிலும் பல ஆண்டுகள் உழைத்து, ஐம்பது வயதைக் கடந்த பிறகு இந்தத் துறைக்கு வந்தவர் சுகியாமா. இத்தனை குறுகிய இடத்தில் அவர் செய்த ஒரு வேலையைப் பாருங்கள். குகைக்குள் ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க இறங்க, அதே குகை மெட்டு இன்னும் தாழ்ந்த சுருதியில், இன்னும் மெதுவாக ஒலிக்கும். ஆழத்தைக் காட்டத் திரையில் எந்தப் படமும் மாறவில்லை. காது மட்டும் இறங்கிக்கொண்டே போனது. அடுத்த அடியில் எந்தப் பூதம் எதிர்ப்படுமோ என்ற அச்சம் அந்த இறக்கத்திலிருந்தே பிறந்தது.

அடுத்த ஆண்டு, 1987 டிசம்பரில், ஹிரோனோபு சகாகுச்சியின் ஃபைனல் ஃபேண்டஸி வந்தது. இசை நொபுவோ உவெமாட்சு. முறையாக எவரிடமும் பயிலாமல் தானே இசை கற்றவர். அந்த விளையாட்டில் புல்வெளியில் நடந்துகொண்டே இருக்கும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் திரை மாறும். நடைக்குரிய மெட்டு பாதியில் அறுந்து, கீழ்ச்சுருதியில் ஓர் ஓட்டம் உருண்டு வந்து சண்டை இசையைத் தொடங்கிவைக்கும். முதல் ஆறு ஃபைனல் ஃபேண்டஸிகளிலும் சண்டை இசை இதே உருட்டலோடுதான் தொடங்கியது. எதிரி விழுந்ததும் அந்தப் புகழ்பெற்ற வெற்றி முழக்கம். பிறகு மீண்டும் புல்வெளி. சில பத்து விநாடிகளே நீளும் இந்தச் சண்டை மெட்டை ஒருவர் ஆட்டத்தை முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான முறை கேட்டுவிடுவார். இங்கேதான் நம் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. சண்டை, கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ளத் தேய்ந்துபோகிற பொருள். எந்த எதிரிக்கு எந்த ஆயுதம் என்று தெரிந்துவிட்டால் கை தானாக வேலை செய்யும், மனம் அதை மறந்துவிடும். இசை அப்படித் தேய்வதில்லை. கேட்கக் கேட்கப் பதிகிறது. நூறு சண்டைகளில் தொண்ணூறு மறந்துபோகும், ஆனால் அந்தத் தொண்ணூறும் சேர்ந்துதான் மெட்டை நெஞ்சில் ஆணி அடித்திருக்கின்றன. டோக்கியோ மைதானத்தில் ஒலித்த வெற்றி முழக்கத்தை அடித்துப் பதித்தது, பெயர்கூட நினைவில்லாத ஆயிரம் சில்லறைச் சண்டைகள். இசை தங்கியது சண்டையின் உழைப்பால் என்பதை மறக்கக் கூடாது.

எவ்வளவு நேரம் என்று தெரியாத பாட்டு

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். திரைப்படத்துக்கும் பின்னணி இசை உண்டே, இதில் மட்டும் என்ன புதுமை? வித்தியாசம் பெரிது. சினிமாவில் சண்டைக் காட்சி எத்தனை விநாடி, எந்த விநாடியில் நாயகன் எழுகிறான் என்பது இசையமைப்பாளரின் கண்முன்னே இருக்கிறது. வெட்டி ஒட்டி முடித்த படத்துக்கு அவர் இசை எழுதுகிறார். விளையாட்டுக்கு எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அதே எதிரியை ஒருவர் இருபது விநாடியில் முடிப்பார், இன்னொருவர் இருபது நிமிடம் போராடுவார், மூன்றாமவர் பாதியில் ஓடிவிடுவார். ஆகவே எங்கே அறுத்தாலும் வலிக்காத, எத்தனை முறை சுற்றி வந்தாலும் அலுக்காத இசை தேவைப்படுகிறது. தெருக்கூத்தில் ஆட்டக்காரர் எத்தனை சுற்று ஆடுவார் என்று மத்தளக்காரருக்கு முன்கூட்டியே தெரியாது. அவர் காலைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். விளையாட்டின் இசையும் ஆடுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது. இதற்கென்றே உத்திகள் வளர்ந்தன. 2017-இல் வெளிவந்த 'நியர்: ஆட்டோமேட்டா'வில் கெய்ச்சி ஒகாபேவும் அவர் குழுவினரும் ஒரே பாடலை அமைதியான வடிவம், வேகமான வடிவம், குரலோடு ஒரு வடிவம், குரல் இல்லாமல் ஒரு வடிவம் என்று அடுக்குகளாகச் செய்து வைத்திருந்தார்கள். நிலைமைக்கு ஏற்ப ஓர் அடுக்கு மெல்ல ஏறும், இன்னொன்று இறங்கும். எதிரியின் மூளைக்குள் ஊடுருவும் சிறு பகுதி வரும்போது, அதே பாடல் பழைய ஃபேமிகாம் காலத்துக் கீச்சொலியாக மாறிவிடும். பாட்டு அறுபடுவதே இல்லை.

2011-இல் வந்த 'ஸ்கைரிம்' இதை வேறொரு வகையில் காட்டுகிறது. பனிமலைப் பாதையில் ஜெரமி சோலின் மென்மையான இசையோடு நடந்துபோகும்போது, திடீரென்று முரசு அதிரும் சண்டை இசை மாறி ஒலிக்கும். சுற்றிப் பார்த்தால் யாரும் தெரிய மாட்டார்கள். பாறைக்குப் பின்னாலிருந்து ஓநாயோ கொள்ளைக்காரனோ உங்களைப் பார்த்துவிட்டான் என்பதைக் கண்ணுக்கு முன் காது அறிந்துகொள்கிறது. கை அனிச்சையாக வாளை உருவுகிறது. இசை இங்கே அலங்காரத்தைத் தாண்டி ஒரு புலனாகவே வேலை செய்கிறது. அது தரும் தகவலை வைத்துச் சண்டையின் முதல் முடிவு எடுக்கப்படுகிறது.

விதி ஒன்று, பொருள் வேறு

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று 1997-இல் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டஸி 7-இல் இருக்கிறது. ஏரித் என்ற பூக்காரப் பெண் அதில் முக்கியப் பாத்திரம். பல மணி நேரம் உங்களோடு சேர்ந்து நடந்து, சண்டையிட்டு, காயங்களை ஆற்றியவள். கதையின் நடுவே, அவள் பிரார்த்தனையில் இருக்கும்போது, செஃபிராத் என்பவன் மேலிருந்து இறங்கிவந்து அவளை வாளால் குத்திக் கொன்றுவிடுகிறான். அவள் கூந்தலில் இருந்த வெள்ளை மணி நழுவி, படிகளில் துள்ளித் துள்ளி நீரில் விழுகிறது. அந்த நொடியில் ஏரித்தின் மெட்டு தொடங்குகிறது. உடனே ஒரு பெரிய எதிரியோடு சண்டையும் தொடங்குகிறது. வழக்கமாக அந்த இடத்தில் இடியாய் இறங்க வேண்டிய சண்டை இசை வரவே இல்லை. ஏரித்தின் மெட்டே நிற்காமல் தொடர்கிறது. அடி, மந்திரம், பொருள் என்று அதே கட்டளைகள். சேதப் புள்ளிகள் அதே முறையில் எழுந்து மறைகின்றன. விதிகளில் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அதுவரை செய்த நூற்றுக்கணக்கான சண்டைகளைப் போல அது இல்லை. கை போரிடுகிறது, மனம் துக்கம் காக்கிறது. இழவு வீட்டிலும் உலை வைக்க வேண்டியிருப்பதுபோல, அழ நேரம் தராமல் உயிர்பிழைக்கச் சொல்லும் கொடுமையை அந்தச் சண்டை உணர்த்திவிடுகிறது. ஒலியை அணைத்துவிட்டு அதே பகுதியை ஆடினால் மிஞ்சுவது இன்னொரு சாதாரணச் சண்டை. பொருள் எங்கே இருந்தது என்பது அப்போது தெரிந்துவிடும்.

அதே விளையாட்டின் இறுதிச் சண்டையில் உவெமாட்சு நேர்மாறான வழியில் போனார். துண்டு துண்டாகப் பல இசைத் தொடர்களை எழுதி, பிறகு அவற்றைப் புதிர்போல அடுக்கி ஒரே படைப்பாக்கினார். லத்தீன் மொழியில் பாடும் கூட்டுக்குரல் செஃபிராத்தின் பெயரை உரக்க அழைக்கும். ஃபைனல் ஃபேண்டஸி வரிசையில் பாடல் வரிகளோடு மனிதக் குரல் சண்டைக்குள் வந்தது அதுவே முதன்முறை. ஏரித்தைக் கொன்றவன் வெறும் எதிரி நிலையிலிருந்து உயர்ந்து, தன்னையே தெய்வமாக எண்ணிக்கொண்டவனாக நிற்கிறான் என்பதை வசனம் ஏதுமின்றி அந்தக் குரல்கள் நிறுவிவிட்டன.

2011-இல் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' மௌனத்தைக் கொண்டு இதே வேலையைச் செய்தது. அந்த உலகில் பெரும்பகுதி நேரம் இசை கிடையாது. காலடிச் சத்தமும் காற்றும் இரும்பு உரசலும்தான். பெரிய எதிரிகளின் முன் மட்டும் மொட்டோய் சகுராபாவின் வாத்தியக் குழுவும் கூட்டுக்குரலும் பேரலையாக எழும். இப்படிப் பழகிய ஒருவர் கடைசி எதிரியான க்வினை நோக்கிப் போகிறார். ஒருகாலத்தில் உலகுக்கே ஒளி கொடுத்த மன்னன். அணையும் நெருப்பைக் காக்கத் தன்னையே விறகாக்கிக்கொண்டவன். பேரிசையை எதிர்பார்த்து வருகிறவர் காதில் விழுவது தனிமையில் தயங்கித் தயங்கி ஒலிக்கும் ஒரு பியானோ. எரியும் வாளோடு க்வின் வெறிபிடித்தாற்போலப் பாய்கிறான், இமைக்க நேரமில்லை. போர் என்றால் முரசு என்று பழகிய காதுக்கு அந்தப் பியானோ சொல்வது ஒன்றே: இது வெற்றி கொள்ள வேண்டிய எதிரி அல்ல, ஓய்வு கொடுக்கப்பட வேண்டிய முதியவர். வாள் வேகமும் இசையின் தளர்வும் ஒன்றையொன்று மறுக்கும் அந்த இடைவெளியில்தான் விளையாட்டின் கதை முழுவதும் இருக்கிறது.

பாட்டே ஆயுதமாகும்போது

இசையை ஆயுதமாக்கிய எண்ணம் இந்த மரபுக்குப் புதிதல்ல. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் காலத்திலேயே 'பார்ட்' என்ற பாணர் பாத்திரம் வந்துவிட்டது. 1985-இல் வந்த 'தி பார்ட்ஸ் டேல்' கணினி விளையாட்டில், போருக்கு நடுவே பாணர் பாடும் பாட்டு தோழர்களுக்குத் துணையாக இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் பாடினால் அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். மதுக்கடைக்குப் போய் ஒரு குவளை குடித்துவிட்டு வந்தால்தான் மறுபடி குரல் எழும். இருந்தாலும் அங்கே பாட்டு ஒரு கட்டளையின் பெயராகவே நின்றது. அதை ஒருபடி மேலே கொண்டுபோனது ஷிகெசாடோ இட்டோய் எழுதி 1989-இல் ஜப்பானில் வந்த 'மதர்'. அதன் கடைசி எதிரியை எந்த ஆயுதத்தாலும் வீழ்த்த முடியாது. பயணம் முழுவதும் எட்டுத் துண்டுகளாகத் திரட்டிய ஒரு தாலாட்டைப் பாட வேண்டும். குழந்தையாக இருந்தபோது தன்னை வளர்த்தவள் பாடிய தாலாட்டு அது என்பதை எதிரி உணர்ந்து, பாடாதே என்று கெஞ்சி, கடைசியில் விலகிப் போகிறான். சண்டையின் முடிவே பாட்டாகிவிடுகிறது.

2006-இல் வந்த அதன் மூன்றாம் பாகம் இரண்டையும் பிரிக்கவே முடியாதபடி பின்னியது. 'மதர் 3'-இல் அடி என்ற கட்டளையைக் கொடுத்த பிறகு, பின்னணியில் ஓடும் பாட்டின் தாளத்துக்குச் சரியாகப் பொத்தானைத் தட்டினால் அடி தொடரும். தாளம் தவறாமல் தட்டிக்கொண்டே போனால் பதினாறு அடி வரை சேர்க்கலாம். தவறினால் அங்கேயே அறுந்துவிடும். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியும் ஒரு வாத்திய ஒலியாகப் பாட்டில் கலக்கும். நேரான தாளம் கொண்ட எதிரிகள் எளியவர்கள். தாளம் கோணிக்கொண்டு ஓடும் எதிரிகள் கடினமானவர்கள். தாளம் பிடிபடாவிட்டால் ஒரு வழி உண்டு. எதிரியைத் தூங்கவைத்தால், அவனுடைய இதயத் துடிப்பு பாட்டின் தாளத்தில் ஒலிக்கும். அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். எதிராளியின் இதயத்துக்குக் காதுகொடுத்தவன்தான் அவனை வெல்ல முடியும் என்ற விதியை எழுதியவர்கள், சண்டையும் இசையும் வேறுவேறு என்று நினைத்திருக்க முடியாது.

இந்த மரபு இன்றும் வளர்கிறது. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' பகடைக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்ட விளையாட்டு. அதில் ராஃபேல் என்ற சாத்தான், ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டி இனிக்க இனிக்கப் பேசுபவன். அவன் மாளிகைக்குள் புகுந்து அவனோடு மோதும்போது, பின்னணியில் ஒலிக்கும் பாடலைப் பாடுவது அவனே. தன் வெற்றியைத் தானே பாடிக்கொள்ளும் செருக்கு, நீங்கள் ஒவ்வொரு முறையாக யோசித்து யோசித்து அடி வைக்கும் நேரம் முழுவதும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இசையமைத்த பொரிஸ்லாவ் ஸ்லாவோவுக்கு 2024-இல் பாஃப்டா இசை விருது கிடைத்தது.

மறுப்புகளும் விடைகளும்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை உண்டு; அவற்றில் நியாயமும் உண்டு. முதல் மறுப்பு: விளையாட்டின் சொந்தக் கலை அதன் விதிகள்தான், இசை வெளியிலிருந்து கடன் வாங்கியது, ஒலியை அணைத்துவிட்டு ஆடுகிற லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள், ஆட்டம் நின்றுவிடவில்லையே என்பது. ஆட்டம் நிற்காது என்பது உண்மை. காது கேளாதவர்களும் முழுமையாக ஆடும்படி, ஒலியில் சொல்லும் எச்சரிக்கைகளைக் கண்ணுக்கும் காட்ட வேண்டியது விளையாட்டை ஆக்குபவர்களின் கடமை என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆட்டம் நடக்கிறதா என்பது ஒரு கேள்வி; அது எதைச் சொல்கிறது என்பது வேறு கேள்வி. ஏரித் இறந்த பின் வரும் சண்டையை ஒலியில்லாமலும் வெல்லலாம். அதில் துக்கம் இருந்தது என்பது தெரியாமலேயே போய்விடலாம். மதர் 3-இலோ விதிக்குள்ளேயே இசை இருக்கிறது. அங்கே இசை கடன் வாங்கியது என்று சொல்லவே இடமில்லை.

இரண்டாவது மறுப்பு, நல்ல இசை மோசமான சண்டையை மூடி மறைக்கிறது என்பது. ஒரே கட்டளையைத் தட்டிக்கொண்டே போகும் அலுப்பூட்டும் சண்டைகளைக் கம்பீரமான மெட்டு தாங்கிப்பிடித்ததுண்டு. ஆயினும் அந்த மூடுதிரை வெகுநேரம் நிற்காது. சண்டை அலுத்தால், அதே சலிப்போடு சேர்ந்து பதியும் மெட்டும் அலுத்துவிடும். பதிய வைக்கும் கருவி சண்டை என்று முன்பு சொன்னேன். அந்தக் கருவி மழுங்கியிருந்தால் எழுத்தும் கோணலாகத்தான் விழும். ஆகவே இந்த மறுப்பு, இரண்டும் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன என்ற என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. வீர முழக்கமும் வெற்றி மெட்டும் கொலையை இனிப்பாக்கிவிடுகின்றன. குழந்தைகள் கையில் வாளைக் கொடுத்து, ஒவ்வோர் உயிர் விழும்போதும் கொண்டாட்டம் வாசிக்கிறோம் என்பது. இந்தக் கவலையை ஒதுக்கித் தள்ளக் கூடாது. இசைக்கு அந்த வலிமை உண்டு. இல்லையென்றால் எந்தப் படையும் முரசு கொட்டிப் புறப்பட்டிருக்காது. ஆனால் அதே வலிமை எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதற்கு 2015-இல் வந்த 'அண்டர்டேல்' சான்று. டோபி ஃபாக்ஸ் என்ற ஒருவரே எழுதி, அதற்கு இசையும் அமைத்த விளையாட்டு அது. எதிர்ப்படும் ஒவ்வொரு பூதத்தையும் கொல்லலாம். பேசிப் புரிந்துகொண்டு விட்டுவிடவும் செய்யலாம். எல்லாரையும் தேடித் தேடிக் கொல்லும் வழியைத் தேர்ந்தெடுத்தால், ஓர் ஊரில் கடைசி உயிரும் போனதும், துள்ளலாக ஒலித்த அந்த ஊரின் மெட்டு இழுபட்டுத் தாழ்ந்து, அடையாளம் தெரியாத முனகலாகிவிடும். பிறகு அங்கே எவ்வளவு நடந்தாலும் யாரும் எதிரே வர மாட்டார்கள். வெற்றி முழக்கம் கிடையாது. நீ செய்தது இதுதான் என்று அந்த முனகல் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த உபதேசமும் அந்த அளவுக்கு உறைக்காது. கத்தியைக் குறைசொல்லிப் பயனில்லை என்பார்கள். இசைக்கும் அது பொருந்தும். அதை யார், எதற்காகப் பிடிக்கிறார்கள் என்பதே கேள்வி.

ஆகவே சண்டையா இசையா என்று ஒப்பிடுகிறவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். தனித்தனியே நிறுத்து மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, இரண்டும் சேருமிடத்தைப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரே முழக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும் விளையாட்டு, எத்தனை கோடி செலவில் எடுக்கப்பட்டிருந்தாலும், தன் பாதி மொழியைப் பேசாமல் விட்ட விளையாட்டு. ஐந்தே தடங்கள் கொண்ட ஃபேமிகாமில் குகையின் ஆழத்தைக் காதுக்குக் காட்டியவர்கள் அந்த மொழியின் முதல் இலக்கணத்தை 1986-லேயே எழுதிவிட்டார்கள். பிள்ளைகளின் கையில் இந்த விளையாட்டுகளைப் பார்க்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். திரையில் வாள் சுழல்வதை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அடுத்த முறை அருகில் உட்கார்ந்து, அந்தச் சண்டையின் பின்னால் என்ன ஒலிக்கிறது என்று ஒரு நிமிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளை கற்றுக்கொண்டிருப்பது கொண்டாட்டமா, அச்சமா, துக்கமா, இரக்கமா என்பதை அந்த இசையே உங்களுக்குச் சொல்லிவிடும்.